மச்சம் பார்த்தல்

தமிழில் பெண்ணின் தோலைப் படிப்பதற்கென்றே ஒரு சாஸ்திரம் இருக்கிறது. பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கங்களிலும், பேருந்து நிலையக் கடைகளில் தொங்கும் மெல்லிய புத்தகங்களிலும், வார இதழ்களில் ராசிபலனுக்குப் பக்கத்திலும் மச்ச சாஸ்திரத்தை இன்றும் பார்க்கலாம். நெற்றி, கன்னம், தோள், தொடை, உள்ளங்கால் என்று உடலை இடம் இடமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பலன். ஆணுக்குத் தனிப் பட்டியல், பெண்ணுக்குத் தனிப் பட்டியல். ஆணின் மச்சம் அவனுக்கு நிலம் தரும், பதவி தரும், தூரதேசப் பயணம் தரும். பெண்ணின் மச்சம் பெரும்பாலும் கணவனுக்குத் தரும், அல்லது கணவனிடமிருந்து பறிக்கும். அவள் தோலில்தான் இருக்கிறது, ஆனால் அது அவளுக்கான செய்தி அல்ல.

பெண் பார்க்க வருகிறவர்கள் சாஸ்திரம் படித்திருக்க வேண்டியதில்லை. காபித் தட்டை நீட்டும்போது முழங்கையில் தேமல் இருக்கிறதா, கழுத்துக்குக் கீழே தழும்பு எட்டிப் பார்க்கிறதா, நிறம் பவுடரா சொந்தமா என்று அரை நிமிடத்தில் கணக்கெடுத்துவிடும் அத்தைகளை நாம் எல்லோரும் அறிவோம். பள்ளிக்கூடத்தில் 'கருப்பி' என்ற பட்டப்பெயர், பிரசவத்துக்குப் பிறகு கன்னத்தில் விழுந்த மங்குக்கு மாமியார் சொல்லும் கடலைமாவு வைத்தியம், பார்லரில் 'டான் ரிமூவல்'. நம் தோலைப் பார்க்காதவர்கள் யார்? ஆனால் அந்தத் தோலுக்குள் இருப்பவள் தன் உள்ளங்காலைக் கடைசியாக எப்போது திருப்பிப் பார்த்தாள் என்று கேட்டால் பதில் இருக்காது.

இந்தப் பின்னணியோடுதான் நான் ஒரு குறிப்பிட்ட வகை எழுத்தைப் படிக்க ஆரம்பித்தேன். 'உங்கள் தோலை நீங்களே பரிசோதியுங்கள்' என்று சொல்லும் தோல் புற்றுநோய்த் துண்டறிக்கைகள். எங்கள் பெண்கள் குழுவுக்காகத் தமிழில் ஒரு துண்டறிக்கை தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்ததால், ஆங்கிலத்தில் வந்த பத்திருபது அறிக்கைகளையும் அவற்றின் தமிழாக்கங்களையும் வரிசையாகப் படித்தேன். மருத்துவத் தகவல் என்ற அளவில் அவற்றில் பெரும்பாலானவை சரி. ஆனால் எந்த எழுத்துக்கும் ஒரு கற்பனை வாசகர் உண்டு. இவற்றின் வாசகர் யார் என்று பார்த்தால்தான் சிக்கல் புரியும்.

எல்லா அறிக்கைகளிலும் ஒரே அறை. நல்ல வெளிச்சம், தாழ்ப்பாள் போட்ட கதவு, ஆளுயரக் கண்ணாடி, கையில் இன்னொரு கண்ணாடி, உட்கார்ந்து காலைப் பார்க்க ஒரு நாற்காலி. தலைமுடியை வகிர்ந்து பார்க்க ஒரு ஹேர் டிரையர். முதுகைப் பார்க்க 'உங்கள் துணைவரின் உதவியை நாடுங்கள்'. மாதம் ஒருமுறை. கோட்டோவியமாக ஒரு உடல், முன்பக்கம் பின்பக்கம், மச்சங்களைக் குறித்துக்கொள்ள. அந்த உடலின் நிறம் எப்போதும் தாளின் நிறம்.

அறிக்கைகளின் இதயம் 'ஏ, பி, சி, டி, ஈ' என்ற ஐந்தெழுத்து விதி. 1985இல் நியூயார்க் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர்கள் முதல் நான்கு எழுத்துகளை உருவாக்கினார்கள். ஐந்தாவது 2004இல் சேர்ந்தது. மச்சத்தின் இரு பாதிகள் ஒன்றுபோல இல்லாமல் இருப்பது, விளிம்பு பிசிறியிருப்பது, ஒரே மச்சத்தில் பல நிறங்கள் இருப்பது, குறுக்களவு ஆறு மில்லிமீட்டருக்கு மேல் போவது, நாளாக நாளாக மாறிக்கொண்டே வருவது. மருத்துவரின் கண்ணில் மட்டும் இருந்த ஓர் அறிவை எடுத்துச் சாதாரண ஆட்களின் கையில் கொடுத்த விதி இது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மெலனோமா என்ற, தோலின் நிறமிச் செல்களில் தொடங்கும் புற்றுநோயை அது மெல்லியதாக இருக்கும்போதே வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலும் அத்தோடு தீர்ந்தது. ஆழம் போய்விட்டால் கதை வேறு. ஆகவே சீக்கிரம் பார்ப்பதற்கு அர்த்தம் இருக்கிறது.

ஆனால் இந்த விதி யாருடைய உடலைப் பார்த்து எழுதப்பட்டது? வெள்ளைத் தோலில், வெயில் பட்ட முதுகிலும் கெண்டைக்காலிலும் பரவும் மச்சத்தைப் பார்த்து. அந்த மக்களிடம் இந்த நோய் அதிகம், அதனால் அவர்களுக்காக எழுதப்பட்டது, அதில் தவறில்லை. ஆஸ்திரேலியாவில் 1981இல் ஒரு கடற்பறவைக் கார்ட்டூனை ஆடவிட்டு, சட்டை போடு, கிரீம் பூசு, தொப்பி மாட்டு என்று பாட்டுப் பாடியது அந்த ஊருக்குப் பொருத்தமான வேலை. அதே அறிக்கை நிறம் மாற்றாமல் நம் ஊருக்கு வரும்போதுதான் தவறு நடக்கிறது.

நம் போன்ற கருந்தோலில் மெலனோமா மிகவும் அரிது. முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். பயம் விற்பது என் வேலை இல்லை. ஆனால் வரும்போது அது வரும் இடம் வேறு. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடி. வெயில் படாத இடங்கள். ஜமைக்காவின் பாப் மார்லிக்கு அது வலது கால் கட்டைவிரல் நகத்துக்கு அடியில் வந்தது. கால்பந்து விளையாடியதில் பட்ட அடி என்றுதான் நினைத்திருந்தார்கள். 1977இல் நோய் தெரிந்தது. விரலை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. 1981இல் 36 வயதில் இறந்தார். உலகம் முழுக்கச் சுவரொட்டிகளில் பார்த்த அந்த உடலில், எந்தத் துண்டறிக்கையும் வட்டம் போட்டுக் காட்டாத இடத்தில் இருந்தது அது.

இனி வட்டம் போடாத இடங்களை நம் பெண்களின் உடலில் வைத்துப் பாருங்கள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மருதாணி. நகத்தில் மருதாணி அல்லது பாலிஷ். கால் இரண்டாம் விரலில் கல்யாணத்தன்று போட்டது முதல் கழற்றாத மெட்டி. இவை எதுவும் நோயைக் கொண்டுவருவதில்லை. மருதாணியை நானும் இட்டுக்கொள்கிறேன். நான் சொல்வது வேறு. நம் உடலில் மிகுந்த அழகுக்கும் மங்கலத்துக்கும் ஒதுக்கப்பட்ட அதே இடங்களில்தான் இந்த அரிய நோய் ஒளிந்துகொள்கிறது. அந்த இடங்களைச் சிவப்பா, கோலம் நன்றாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கப் பழகியிருக்கிறோம். இல்லாவிட்டால் சேறு. நடவு வயலில் நாள் முழுக்க நிற்கும் பாதத்தில் பித்தவெடிப்பும் சேற்றுப்புண்ணும் கால் ஆணியும் இருப்பது இயல்பு என்று வீடும் நினைக்கிறது, மருத்துவரும் நினைக்கிறார்.

நிறத்தை எடுத்துக்கொண்டால் இன்னும் சிக்கல். தோல்களை ஆறு வகையாகப் பிரிக்கும் ஒரு அளவுகோல் மருத்துவப் பாடத்தில் உண்டு. 1975இல் ஹார்வர்டின் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் வகுத்தது. ஒளிச் சிகிச்சைக்கு எவ்வளவு கதிர் கொடுக்கலாம் என்று தீர்மானிக்கப் பிறந்த அந்த அளவுகோல், முதலில் வெள்ளைத் தோலின் வகைகளை மட்டுமே பிரித்தது. பழுப்பும் கறுப்பும் பிறகுதான் ஐந்தாவதாகவும் ஆறாவதாகவும் வந்து சேர்ந்தன. வெள்ளைக்கு நான்கு நுணுக்கம், மீதி உலகத்துக்கு இரண்டு. நம் ஊரில் ஒரே வீட்டில் பிறந்த நான்கு பெண்களை நிறவாரியாக வரிசைப்படுத்திக் காட்டும் பாட்டிகள் அந்த அளவுகோலைப் பார்த்தால் சிரித்திருப்பார்கள். பாட்டிகளின் நுணுக்கமும் நல்ல காரியத்துக்குப் பயன்பட்டதில்லை என்பது தனிக் கதை.

லண்டனில் செயின்ட் ஜார்ஜ் பல்கலைக்கழகத்தில் படித்த மலோனி முகுவெண்டே என்ற கறுப்பின மாணவர், பாடத்தில் காட்டிய படங்களெல்லாம் வெள்ளைத் தோலாகவே இருப்பதைப் பார்த்து, இது என் போன்ற தோலில் எப்படித் தெரியும் என்று கேட்டார். பதிலாக 2020இல் தன் ஆசிரியர்கள் இருவரோடு சேர்ந்து கருந்தோலில் நோய்க்குறிகளைக் காட்டும் ஒரு கையேட்டை வெளியிட்டார். 2020 வரை அப்படி ஒன்றுக்குத் தேவை இருந்தது என்பதே போதும்.

அறிக்கையை மொழிபெயர்க்க உட்கார்ந்தபோது முதல் வார்த்தையிலேயே மாட்டிக்கொண்டேன். ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் போய்விடுகிறார்கள். நமக்கு மச்சம், மறு, மரு, பாலுண்ணி, தேமல், மங்கு, படை, தழும்பு, ஆணி, கொப்புளம், வெடிப்பு என்று தோலுக்கு ஒரு அகராதியே உண்டு. 'மச்சத்தைக் கவனியுங்கள்' என்று எழுதினால் படிப்பவர் பிறவி மச்சத்தைத்தான் தேடுவார். நகத்தில் ஓடும் கருங்கோட்டை அவர் மச்சம் என்று சொல்ல மாட்டார். உள்ளங்காலில் மை கொட்டியதுபோல இருப்பதை ஆணி என்பார். ஆறாத புண்ணை ஆறாத புண் என்றுதான் சொல்வார்.

இந்தக் கடைசி வார்த்தைதான் முக்கியம். தோல் புற்றுநோய் என்றால் மெலனோமா மட்டுமல்ல. நம் தோலில் வருபவற்றில் செதில் செல் புற்றுநோய்க்குப் பெரிய பங்கு உண்டு. அது மச்சமாகத் தொடங்க வேண்டியதே இல்லை. தடித்த திட்டாக, மேலே ஓடு கட்டி உதிர்ந்து மறுபடி கட்டும் புண்ணாக, தொட்டால் ரத்தம் கசியும் முண்டாக வரலாம். பழைய தழும்பின் மேல் வரலாம். தீக்காயத் தழும்பில் பல பத்தாண்டுகள் கழித்து ஆறாத புண் தோன்றிப் புற்றாக மாறுவதை மருத்துவம் மார்ஜோலின் புண் என்கிறது. 1828இல் தழும்புப் புண்களைப் பற்றி எழுதிய பிரெஞ்சு மருத்துவரின் பெயர். ஸ்டவ் வெடித்ததில் பிழைத்தவர்கள், சேலையில் தீப்பிடித்துப் பிழைத்தவர்கள், பிடித்ததா பிடிக்க வைத்ததா என்று இன்றுவரை வாய் திறக்காதவர்கள் என நம் ஊரில் எத்தனை பெண்களின் மேல் அந்தத் தழும்பு இருக்கிறது! அவர்களுக்காக எழுதிய ஒரு வரியைக்கூட நான் படித்த அறிக்கைகளில் காணவில்லை. 'தீக்காயத் தழும்பில் புதிதாகப் புண் வந்து ஆறாமல் இருந்தால் காட்டுங்கள்.' எழுத அரை நிமிடம் ஆகாது.

இடுப்பைப் பற்றியும் யாரும் எழுதவில்லை. பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையைச் சேர்ந்த கனோல்கர், சூர்யாபாய் என்ற இருவர், 1945இலேயே வேட்டி இறுக்கும் இடத்தில் வரும் தோல் புற்றுநோயைப் பதிவு செய்தார்கள். பிறகு வந்த மருத்துவர்கள் சேலைப் புற்றுநோய் என்று அழைத்தது உண்மையில் உள்பாவாடை நாடாவின் வேலை. 2024இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில், மகாராஷ்டிரத்திலும் பிகாரிலும் பார்த்த இரண்டு மூத்த பெண்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள். ஒருவருக்கு நாடா கட்டும் இடத்தில் பதினெட்டு மாதமாக ஆறாத புண். இன்னொருவர் உள்பாவாடையே இல்லாமல், லுகடா என்ற சேலையை நாற்பது ஆண்டுகள் இடுப்பில் இறுக்கிக் கட்டியவர். புண் இரண்டு ஆண்டுகளாக இருந்தது, நோய் தொடை இடுக்கின் நெறிக்கட்டி வரை போயிருந்தது. இதுவும் அரிதுதான். ஆனால் நாடாத் தடம் இல்லாத இடுப்பு நம் அம்மாக்களில் யாருக்காவது உண்டா? அந்தக் கருத்த வளையத்தை நாம் நோயாகவோ காயமாகவோ எண்ணியதில்லை, பெண்ணாக இருப்பதன் அச்சு என்று எடுத்துக்கொண்டோம். மருத்துவர்களின் ஆலோசனை எளிது: நாடாவைத் தளர்த்துங்கள், தோல் மாறினால் ஆறும்வரை தொளதொளப்பான உடை அணியுங்கள். எலாஸ்டிக் வைத்த, அகலப் பட்டி வைத்த உள்பாவாடை கடையில் கிடைக்கிறது. 'இறுக்கிக் கட்டாதவள்' என்று வயதான பெண்ணைப் பார்த்து முகம் சுளிக்கும் வாய்களுக்கு என்ன மாற்று கிடைக்கும் என்றுதான் தெரியவில்லை.

என் அத்தையின் கதையை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. மன்னார்குடிப் பக்கம், சொந்தமாக ஒன்றரை மா, மீதி நாள் கூலி நடவு. ஒரு நாள் இடது உள்ளங்காலைத் தூக்கித் திண்ணையில் வைத்து, "ஏ புள்ள, இத கொஞ்சம் பாரு. மை கொட்டுனாப்ல இருக்கு. ஆணியா என்னன்னு தெரியல" என்றாராம் மருமகளிடம். நான் அப்போது சென்னையில். மருமகள் பார்த்தார், ஆணிதான் என்றார். மெடிக்கலில் ஆணி பிளாஸ்திரி கொடுத்தார்கள். பக்கத்து வீட்டம்மா எருக்கம்பால் வைக்கச் சொன்னார். வைத்தார். புண்ணானது. ஒரு டாக்டர் செருப்பைக் கழற்றச் சொல்லாமலே சேற்றுப்புண்ணுக்கு ஆயின்மென்ட் எழுதினார். இன்னொருவர் சர்க்கரை பார்த்தார், சர்க்கரை இல்லை. மகன் அறுவடை முடியட்டும் என்றான். பதினான்கு மாதம் கழித்துத்தான் ஒரு இளம் மருத்துவர் குனிந்து பார்த்து, சதை எடுத்து அனுப்பினார். பாதத்தின் முன்பாதியை எடுத்தார்கள். மூன்று வருடம் இருந்தார்.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் பெரிய டாக்டர் அத்தையைக் கேட்ட கேள்வியை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "ஏம்மா, இவ்ளோ நாளா பாக்காம என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?" அத்தை ஒன்றும் சொல்லவில்லை. நோட்டில் 'நோயாளி தாமதமாக வந்தார்' என்று எழுதியிருக்கக்கூடும். எல்லா இடத்திலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அத்தை பார்த்தார். முதல் மாதமே பார்த்தார். ஐந்து பேரிடம் காட்டினார். தாமதம் அவர் கண்ணில் நிகழவில்லை. அவர் சொன்னதற்கும் இன்னொருவர் குனிந்ததற்கும் இடையில் நிகழ்ந்தது.

'உங்கள் தோலை நீங்களே பாருங்கள்' என்ற வாக்கியத்தோடு எனக்குள்ள அடிப்படைச் சண்டை இதுதான். பெண்கள் பார்க்காததுதான் பிரச்சினை என்று அது முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. பார்த்தவள் சொன்னால் யார் கேட்பார்கள் என்ற கேள்விக்கு அறிக்கையில் இடமில்லை. 'மாற்றம் தெரிந்தால் மருத்துவரை அணுகவும்' என்பதோடு அறிக்கை முடிந்துவிடுகிறது. நம் பெண்களுக்குக் கதையே அங்கேதான் தொடங்குகிறது. பேருந்துக்குக் காசு, ஒரு நாள் கூலி, துணைக்கு வர ஆள், ஆண் மருத்துவரிடம் பாவாடையைத் தளர்த்திக் காட்டும் கூச்சம், 'ஒண்ணுமில்லம்மா' என்ற பதில்.

சுயபரிசோதனை என்ற சொல்லின் வரலாறும் இப்படி இருந்ததில்லை. 1971இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பெண்கள் புத்தகக் கடையில் கேரல் டவ்னர் என்பவர், ஒரு கண்ணாடியையும் மருத்துவர்கள் பயன்படுத்தும் கருவியையும் வைத்துத் தன் கருப்பை வாயைத் தானே பார்த்து, கூடியிருந்த பெண்களுக்கும் காட்டினார். மறு வருடம், உரிமமின்றி மருத்துவம் செய்தார் என்று கைது செய்தார்கள், வழக்கில் விடுதலையானார். அந்தக் கண்ணாடி கூட்டத்தில் கைமாறிய கண்ணாடி. 'எனக்கு இப்படி இருக்கிறது, உனக்கு எப்படி' என்று ஒப்பிட்டுப் பேசிய கண்ணாடி. மருத்துவத்தின் அதிகாரத்தைக் கேள்வி கேட்கவே அதை எடுத்தார்கள். அதே கண்ணாடி ஐம்பது ஆண்டில் தாழ்ப்பாள் போட்ட குளியலறைக்குள் போய், தனி ஒருத்தியின் மாதக் கடமையாகி, தவறினால் அவள்மேல் குற்றமாகி நிற்கிறது.

கடமை என்று ஆக்கினால் பலன் உண்டா என்றால், அதுவும் நிச்சயமில்லை. ஷாங்காயில் துணி ஆலைகளில் வேலை பார்த்த 2,66,064 பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மார்பக சுயபரிசோதனையைத் தீவிரமாகக் கற்றுக்கொடுத்துப் பத்தாண்டுகள் தொடர்ந்தார்கள். 2002இல் முடிவு வந்தது. மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவு. கற்றுக்கொண்டவர்களுக்குத் தேவையற்ற பயாப்சிதான் கூடியிருந்தது. தோலுக்கும் அப்படியே என்று நான் சொல்லவில்லை, இரண்டும் வேறு. ஆனால் தோலிலும், அறிகுறி எதுவும் இல்லாதவர்களை மருத்துவரே கண்ணால் பரிசோதிப்பதால் நன்மை கூடுதலா கெடுதல் கூடுதலா என்று சொல்லச் சான்று போதவில்லை என்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2023இல் அறிவித்தது. ஆகவே மாதம் ஒருமுறை அங்குலம் அங்குலமாக உங்களைச் சந்தேகியுங்கள் என்று என் தோழிகளிடம் சொல்ல எனக்கு மனமில்லை. ஏற்கெனவே நம்மைச் சந்தேகிக்க ஆள் நிறைய. அத்தையுடையது அந்தக் கணக்கில் வராது. அவர் நோய் தேடிப் பார்க்கவில்லை. மாற்றம் ஒன்று வந்தது, கண்ணில் பட்டது, சொன்னார்.

அறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அத்தை ஆயுள் முழுக்கப் பம்புசெட்டிலும் குளத்திலும் குளித்தவர். பாவாடையை மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டி, அதற்குள்ளேயே சோப்புப் போட்டு, அதன்மேலேயே சேலை சுற்றி, ஈரத்தை உருவி எடுக்கும் அந்த வித்தையை நம் கிராமத்துப் பெண்கள் எல்லோரும் அறிவார்கள். உடை மாற்றும்போதுகூடத் தன் உடலை முழுதாகப் பார்க்காமல் இருப்பதற்கு ஒரு கைத்தேர்ச்சி. அவரிடம் ஆளுயரக் கண்ணாடி கேட்பது யாரைக் கேலி செய்வது? 'துணைவர்' என்ற வார்த்தையோ இன்னும் மோசம். கைம்பெண்கள், தனித்திருப்பவர்கள், விடுதியில் இருப்பவர்கள், எந்தக் கை முதுகில் அடித்ததோ அதே கையிடம் முதுகைக் காட்ட வேண்டியவர்கள் என எல்லோரையும் அந்த ஒரு வார்த்தை வெளியே தள்ளிவிடுகிறது.

ஆனால் பெண்கள் ஒருவர் உடலை ஒருவர் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இல்லாமலா இருந்தது? திண்ணையில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து பேன் பார்ப்பதைவிட நுணுக்கமான தலைத்தோல் பரிசோதனை எந்தத் துண்டறிக்கையில் இருக்கிறது? ஹேர் டிரையர் எதற்கு? வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலில் ஒருத்தி முதுகை இன்னொருத்தி தேய்த்துவிடுவாள். படித்துறையில் முன்பின் தெரியாத பெண்கூட, "இந்தா, முதுகத் திருப்பு" என்பாள். "இதென்னடி, போன தடவ இல்லையே" என்ற வார்த்தை அங்கேதான் பிறக்கும். அமெரிக்காவில் முடிதிருத்துநர்களுக்கு வாடிக்கையாளரின் தலையிலும் கழுத்திலும் சந்தேகத்துக்குரியதைக் கண்டுபிடிக்கப் பயிற்சி கொடுக்கிறார்கள். நமக்குப் பேன் சீப்போடு உட்காரும் பாட்டி இருந்தார். இதையெல்லாம் பொற்காலமாக்க விரும்பவில்லை. அதே திண்ணையில்தான் நிறமும் சாதியும் அளக்கப்பட்டன, எல்லாப் பெண்களுக்கும் எல்லாப் படித்துறையிலும் இடமும் இருந்ததில்லை. ஆனாலும் ஐந்தெழுத்து விதியைவிட அந்தப் பழக்கம் எனக்கு நெருக்கம்.

ஆகவே எங்கள் துண்டறிக்கையில் ஐந்தெழுத்தை விட்டுவிட்டோம். தமிழில் அந்த எழுத்துகளுக்கு ஒரு பொருளும் இல்லை. ஆறு மில்லிமீட்டர் என்பதற்கு ஆங்கில அறிக்கைகள் பென்சில் அழிப்பானைக் காட்டுகின்றன. எங்கள் கூட்டத்தில் ஒருவர் 'துவரம் பருப்பு' என்றார், ஏறக்குறைய சரி. சின்னதாக இருந்து வேகமாக மாறுவதும் உண்டு என்பதால், பருப்பைவிடப் பெரிதாகும்வரை காத்திருக்க வேண்டாம் என்றும் சேர்த்தோம். மற்ற மச்சங்களோடு ஒட்டாத ஒற்றை மச்சத்தை மருத்துவர்கள் 'அசிங்க வாத்துக்குஞ்சு' என்கிறார்கள். வித்தியாசமாக இருப்பவளைச் சந்தேகி என்ற பழைய பாடத்தை நம் பெண்களுக்கு இன்னொரு முறை சொல்லித்தர வேண்டுமா என்று ஒரு தோழி கோபப்பட்டார். 'மற்றதோடு சேராத மச்சம்' என்று எழுதிவிட்டு நகர்ந்தோம்.

நகத்தைப் பற்றி எழுதும்போது நிதானம் வேண்டியிருந்தது. கருந்தோல் உள்ளவர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய கருங்கோடுகள் இருப்பது சாதாரணம். எல்லோரையும் ஆஸ்பத்திரிக்கு ஓடவிடக் கூடாது. ஒரே ஒரு நகத்தில் புதிதாக வந்து அகலமாகிக்கொண்டே போகும் கோடு, அல்லது நகத்தைத் தாண்டி ஓரத் தோலிலும் கருமை கசிவது, இதுதான் காட்ட வேண்டியது. மருதாணியோ பாலிஷோ முழுதாகப் போன பிறகு, அடுத்ததை இடுவதற்கு முன்னால் ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள் என்றோம். சர்க்கரை உள்ளவர்களுக்கு உள்ளங்காலைத் தினமும் பார்க்கச் சொல்லி ஏற்கெனவே கற்றுக்கொடுக்கிறார்கள். புண்ணோடு சேர்த்துக் கருந்திட்டையும் பார்த்துவிடலாம். பெயர் தெரியாத எதையும் சுண்ணாம்பு வைத்தோ, முடியால் இறுக்கிக் கட்டியோ, பார்லரில் சுட்டோ எடுக்க வேண்டாம் என்றும் எழுதினோம். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பாவிட்டால் அது என்னவென்று யாருக்கும் தெரியாமலே போய்விடும். இந்த வரிக்கு எங்கள் குழுவிலேயே எதிர்ப்பு; மூவர் கழுத்து மருவுக்கு முடி கட்டியவர்கள்.

நீண்ட வாக்குவாதம் கடைசிப் பத்திக்குத்தான். 'மருத்துவரை அணுகவும்' என்று முடிக்க முடியாது என்பதில் எல்லோருக்கும் சம்மதம். அதற்குப் பதிலாக என்ன? மருத்துவரைக் கோபப்படுத்தும்படி எழுதக் கூடாது என்று ஒரு செவிலியர் தோழி சொன்னார். கோபப்பட்டால் படட்டும் என்றார் இன்னொருவர். இரண்டு கூட்டம் போனது. கடைசியில், புற நோயாளிப் பிரிவில் சீட்டை நீட்டும்போது பார்த்துப் படிக்கிற மாதிரி, பெரிய எழுத்தில் நான்கு வரி அச்சிட்டோம்:

"இது இந்த இடத்தில் இத்தனை வாரமாக இருக்கிறது. இன்ன மருந்து போட்டும் ஆறவில்லை. தயவுசெய்து செருப்பையும் துணியையும் விலக்கி, வெளிச்சத்தில் பாருங்கள். சதை எடுத்துப் பரிசோதிக்கத் தேவையில்லை என்றால், ஏன் தேவையில்லை, மறுபடி எப்போது வர வேண்டும் என்பதை என் சீட்டில் எழுதிக் கொடுங்கள்."